ஐந்து பூட்டும் ஒரு மாமியும்

என் வாழ்க்கையில் ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி நான் செய்து முடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் பின்னேரம் ஒரு கடையைப் பூட்டினேன். எவ்வளவு திறமாகப் பூட்டினேன் என்றால், கல்முனை மெயின் ரோட்டில் ஊரே திரண்டு நின்றும் அதைத் திறக்க முடியவில்லை. உள்ளே என் மாமி இருந்தார்.

மாமி என்றால் என் மனைவி ஸபீனாவின் உம்மா. எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுடையது, கிணறு பெண்ணுடையது, முற்றத்தில் நிற்கிற தென்னையும் பெண்ணுடையது. நான் கொண்டுபோன பெட்டியில் போடுகிற நான்கு சேட்டும் கட்டுகிற இரண்டு சாறனும் கட்டாரில் வாங்கிய ஒரு அலாரம் மணிக்கூடும் இருந்தன. (மணிக்கூடு இரண்டாம் வாரமே நின்றுவிட்டது. அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.)

பிறகு கட்டார் வேலையும் போனது. திரும்பி வந்து வீட்டில் சும்மா இருந்த என்னை மாமா தன் புடவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கதிரையில் இருத்தினார். ஒரு வருடம் இருந்தேன். ஒருநாள் விடியச் சுபஹுத் தொழுகைக்குப் போன மாமா பள்ளிவாசலிலேயே சரிந்து விழுந்து, மூச்சு நின்று மௌத்தாகிவிட்டார். கடை என் கையிலும், அங்கே நெடுங்காலமாகச் சேல்ஸ்மனாக இருந்த பக்கத்து ஊர் மருதமுனை றவூப் காக்காவின் கையிலும் வந்து சேர்ந்தது. எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். (உண்மையைச் சொன்னால் றவூப் காக்காவின் கையில்தான். நான் கதிரையை மாற்றி மாமாவின் கதிரையில் இருந்துகொண்டேன், அவ்வளவுதான்.)

மாமி இத்தா இருந்தார், கணவன் மௌத்தான பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கிற காலம் அது. நான்கு மாதமும் பத்து நாளும் வாசல் படலைக்கு வெளியே காலெடுத்து வைக்கவில்லை. கடை அவர் பேரில் இருந்தது. அதைத் தனக்கு வாடகைக்குத் தரச்சொல்லி ஒரு போன் கடைக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். இத்தா முடியட்டும், ஒருதரம் கடையைப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மாமி சொல்லியிருந்தார். என்னிடம் அல்ல. மாமி என்னோடு நேரே கதைப்பதே இல்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட, "அவருக்குக் கறி போதுமாண்டு கேளுகா" என்று ஸபீனாவிடம்தான் சொல்வார். நான் எதிரில்தான் இருப்பேன். "போதுமெண்டு சொல்லு" என்று நானும் ஸபீனாவுக்குத்தான் சொல்வேன். பதினைந்து வருடம் எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடியது.

கடை கைவிட்டுப் போனால் நான் மனைவி வீட்டில் சும்மா இருந்து சாப்பிடுகிற ஆள். முப்பத்தெட்டு வயதில், மூன்று பிள்ளைகளோடு. இதை ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை நான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமியின் இத்தா முடிந்த மறுநாள், எங்கள் கடைக்கு நேர் எதிரே தேர்தல் கூட்டம்.

மூன்று நாள் முன்பே மேடை போடத் தொடங்கிவிட்டார்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எங்கள் கடையைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். அதற்கு முந்தைய கூட்டமொன்றில் சனம் நெருக்கியதில் பக்கத்துக் கடைக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. எங்கள் கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே ஷட்டர். மற்றக் கடைக்காரர்கள் "நாலு மணிக்குப் பூட்டிட்டுப் போவம்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். நான் மட்டும் ஒரு கொப்பியை எடுத்துத் திட்டம் எழுதினேன். கடையைப் பாதுகாப்பது எப்படி என்று போனில் ஆறு வீடியோ பார்த்தேன். எல்லாம் வெளிநாட்டு வீடியோ. அவற்றில் வருகிற கடைகளின் பின்பக்கத்தில் தொழுகிற இடம் கிடையாது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திட்டம் இதுதான். வெளியில் ஒரு சாமானும் கிடக்கக் கூடாது. மெயின் சுவிட்சை இறக்க வேண்டும், பட்டாசு விழுந்து வயர் பற்றிவிடக் கூடாதே என்று. ஷட்டருக்கு ஐந்து பூட்டு. மாமாவின் பழைய பித்தளைப் பூட்டு ஒன்று, நான் புதிதாக வாங்கியவை நான்கு. கடைசியாக, சாவிக்கொத்து என்னிடம் இருக்கக் கூடாது. கூட்டத்தில் சட்டைப்பையை வெட்டிவிடுவார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஆகவே றவூப் காக்கா சாவியோடு மருதமுனைக்குப் போய்விட வேண்டும். (களவைக் கண்டுபிடிக்க என்று கமராவும் பொருத்தியிருந்தேன். மெயின் சுவிட்சை இறக்கினால் கமராவும் நின்றுவிடும் என்பதை றவூப் காக்கா சொல்லித்தான் அறிந்தேன். "பரவாயில்ல காக்கா, களவனுக்கு அது தெரியாதுதானே" என்றேன்.)

அன்று மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். இளைய பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் ஸபீனா அவரோடு வரவில்லை. மாமி கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளிக்குள் நுழைகிறதுபோல மெதுவாக உள்ளே வந்தார். சேலை அடுக்கியிருந்த ராக்கையைத் தொட்டார். மாமாவின் கதிரையைப் பார்த்தார். அதிலிருந்து நான் துள்ளி எழும்பினேன். மாமி றவூப் காக்காவிடம் திரும்பி, "அஸர் தொழுதிட்டுப் போறன். ஆட்டோக்காரப் பொடியன் பொறகு வருவான்" என்று சொல்லிவிட்டு, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் திரை போட்டிருந்த மூலைக்குப் போனார். மாமா தொழுகிற இடம் அது. அவருடைய முஸல்லா, தொழுகிற விரிப்பு, இன்னும் அப்படியே விரித்துக் கிடந்தது.

இந்த வார்த்தையெல்லாம் என் காதிலும் விழுந்ததுதான். விழுந்தது, நிற்கவில்லை. அந்த நேரம் நான் நாலாம் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றரை மணிக்கெல்லாம் சனம் வரத் தொடங்கிவிட்டது. பொலிஸார் ரோட்டை மறித்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "காக்கா, வெளியில ஒரு சாமானும் கிடக்கப்படா, எல்லாத்தையும் உள்ளுக்குப் போடுங்க" என்று கத்தினேன். றவூப் காக்கா வாசலில் நின்ற, அபாயா போட்ட ஆறு பொம்மைகளையும் தூக்கி உள்ளே கதிரைகளுக்கு நடுவே நிறுத்தினார். விளம்பரப் பலகையை எடுத்தார். கால்துடைக்கிற சாக்கை எடுத்தார். மாமியின் செருப்பையும் ஆருடையதென்று பாராமல் எடுத்து உள்ளே வைத்தார்.

நான் மெயின் சுவிட்சை இறக்கினேன். வாசலில் நின்று பார்த்தேன். செருப்பு இல்லை. ஆட்டோ வந்து மாமியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தேன். ஆனாலும் நான் கவனமான ஆள் அல்லவா. கழுத்தை உள்ளே நீட்டி ஒருதரம் கூப்பிட்டேன்: "உள்ளுக்க ஆரும் இரிக்கிறீங்களா?"

பதில் இல்லை. கை தட்டுகிற சத்தம்தான் கேட்டது.

தொழுகையில் நிற்கிற பெண் வாய் திறந்து பதில் சொல்ல முடியாது. ஏதும் அறிவிக்க வேண்டுமென்றால் வலது கையால் இடது புறங்கையில் தட்டுவார். குர்ஆன் ஓதப் போன வயதிலேயே படித்த விஷயம். அதற்காக ஓர் அடியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எதிரே மேடையில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முன்வரிசையில் பத்துப் பேர் கை தட்டினார்கள். இதுவும் அந்தத் தட்டல்தான் என்று எடுத்துக்கொண்டு ஷட்டரை இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. றவூப் காக்கா சாவிக்கொத்தைச் சாறன் மடிப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் எதிரில் மேடைக்கு அருகே இருந்த தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீயோடு இருந்து என் கைவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பூட்டும் வெயிலில் மினுங்கின. கூட்டம் தொடங்கியது. ஒலிபெருக்கி முழங்குகிற முழக்கத்தில் ஷட்டர்கூட அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர், "உங்கட ஷட்டர் மட்டும் கூடுதலா அதிருது" என்றார். "நல்ல தகடு, அதான்" என்று விளக்கம் சொன்னேன். அந்த நேரம் போன் ஒன்றும் கையில் இல்லாத மாமி, கண்ணாடிக் கதவை உள்பக்கம் இழுத்துத் திறந்து, இரண்டு கையாலும் ஷட்டரில் அடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணி கழிந்து ஸபீனா வீட்டிலிருந்து போன் எடுத்தாள்.

"உம்மா எங்க?"

"வீட்ட வந்திட்டாதானே."

"வரல்ல. ஆட்டோக்காரன் ரோட்டு மறிச்சதில கடைக்கு வரவே ஏலாமப் போயிட்டாம். அவன் இஞ்ச வந்து நிக்கான்."

நான் ஷட்டரைப் பார்த்தேன். அது அதிர்ந்தது. அப்போது பேச்சாளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், ஒலிபெருக்கியில் ஒரு சத்தமும் இல்லை.

சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஷட்டருக்கும் நிலத்துக்கும் இடையில் இரண்டு விரல் அகல இடைவெளி இருந்தது. ரோட்டோரத்துச் சீமெந்தில் குப்புறப் படுத்து அதில் வாயை வைத்தேன்.

"மாமி."

"ஆரது?"

"நான்தான் மாமி."

குரல் வந்தது. பதினைந்து வருடத்தில் மாமி எனக்கு நேரே சொன்ன முதல் வார்த்தைகள் அவை.

"நாலு மாசமும் பத்து நாளும் உள்ளுக்க இரிந்திட்டு இண்டைக்குத்தான் வெளிய வந்தன். வந்த அண்டைக்கே திரும்ப உள்ளுக்க போட்டுட்டீங்களே மருமகன்."

நான் அழுதேன். கூட்டம் என்னைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. கடை வாசலில் ஒருவர் குப்புறப் படுத்து அழுதால் யாரும் பார்ப்பார்கள்தான்.

றவூப் காக்காவுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. திரும்பவும் அழைத்தேன். எடுக்கவில்லை. மருதமுனையில் அவரைத் தெரிந்த ஒருவரைப் பிடித்து அவர் வீட்டுக்கு அனுப்பினேன். இதற்குள் செய்தி மேடைக்குப் போய்விட்டது. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "ஓர் அவசர அறிவித்தல். எமக்கு முன்னால் உள்ள புடவைக் கடைக்குள் தாய் ஒருவர் வைத்துப் பூட்டப்பட்டுள்ளார். பூட்டியவர் மருமகன் என்று அறியக் கிடைக்கிறது. சாவியை வைத்திருப்பவர் எங்கிருந்தாலும் உடனே வரவும்." மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் மருமகன் என்ற இடத்தை அழுத்திச் சொன்னார்.

பிறகு வேட்பாளர் எழும்பினார். அரசியல்வாதிக்கு இப்படி ஒன்று கிடைத்தால் விடுவாரா. "அந்தத் தாயைப் போலத்தான் இந்த ஊரும் இருட்டில் பூட்டிக் கிடக்கிறது. சாவி உங்கள் கையில் இருக்கிறது" என்று முழங்கினார். அன்றைய கூட்டத்திலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

"ஆருக்கு, மருமகன், கை தட்டுறாங்க?" என்று கீழிருந்து மாமி கேட்டார்.

"எனக்குத்தான் மாமி."

(அந்த வேட்பாளர் தோற்றுப்போனார். அதற்கு நான் பொறுப்பில்லை.)

வெல்டிங் கடைக்காரர் ஒருவர் பூட்டு வெட்டுகிற கிரைண்டரோடு ஓடி வந்தார். மேடைக்குப் பின்னால் நின்ற ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துத் தந்தார்கள். முதலில் அவர் குந்தியது மாமாவின் பித்தளைப் பூட்டுக்கு முன்னால். கிரைண்டர் சுழல்கிற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து மாமி தகட்டில் ஓங்கி அடித்தார்.

"எதை வெட்டுறீங்க?"

"பூட்டை மாமி. மாமாட பூட்டை."

"வேணாம்."

"மாமி, உள்ளுக்க இருட்டு. காத்தும் இல்ல."

"அது அவர் கையால முப்பது வருசம் பூட்டின பூட்டு. அதை வெட்டப்படா. சாவி வரட்டும். நான் இரிக்கன்."

கிரைண்டர் நின்றது. வெல்டிங் கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "தாய் வேணாமெண்டா நான் வெட்ட ஏலாது தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் வயரைச் சுருட்டினார். மற்ற நான்கையும் வெட்டிப் பயனில்லை, அந்த ஒன்று பிடித்திருந்தால் ஷட்டர் எழும்பாது. சனம் மெல்ல மேடைப்பக்கம் திரும்பியது. நான் அப்படியே படுத்திருந்தேன். எழும்பிப் போய் எங்கே நிற்பது?

மாமி உள்ளே ஷட்டரில் சாய்ந்து நிலத்தில் இருந்துகொண்டார். சேலைக் கரை அந்த இடைவெளியில் தெரிந்தது. "ரெண்டு கதிரைக்கு நடுவுல ஆறு பேர் நிக்காங்க" என்றார். "பொம்மை மாமி." "தெரியும். தெரியுறதுக்கு முந்தி ஆறு பேருக்கும் ஸலாம் சொல்லிட்டன்."

நான் சிரிக்கவில்லை. மாமியும் சிரிக்கவில்லை. பிறகு அவராகவே கதைத்தார்.

"அவர் பூட்டுறதெண்டா மூணு தரம் கூப்பிடுவார். கூப்பிட்டுட்டு நிப்பார். ஆரும் தொழுதுக்கிட்டு இரிந்தா ஸலாம் குடுத்து முடிக்கட்டுமெண்டு நிப்பார். பொறகு திரையை விலக்கிப் பார்த்துட்டுத்தான் பூட்டுவார். வீட்டுக்கு ஏன் சுணங்கி வாறீங்கண்டு நான் ஏசுவன்." "நீங்க கூப்பிட்டது கேட்டிச்சி. கையைத் தட்டினன். அவராயிரிந்தா விளங்கியிரிக்கும்."

"கேட்டிச்சி மாமி. கூட்டத்துல தட்டுறாங்கண்டு நினைச்சன்."

"ம்." பெருமூச்சு ஒன்று சீமெந்துக்கு மேலாக வந்து என் கன்னத்தில் பட்டது. "அவருட முஸல்லாவுல அவருட மணம் இன்னும் கிடக்கு. அதுல தலைய வெச்சதும் எழும்ப மனம் வரல்ல. ஸுஜூதை நீட்டினது என்ட பிழைதான்."

அவர் அதைத் தன் பிழை என்று சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாமா மௌத்தானதிலிருந்து அந்த வீட்டில் மாமியிடம் ஒரு வார்த்தை ஆறுதலாக நான் சொன்னதில்லை. நேரே கதைப்பதில்லை என்ற வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. அன்று அந்த இரண்டு விரல் இடைவெளியில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று முழுக்க ஞாபகமில்லை. மாமா இல்லாமல் அந்தக் கதிரையில் இருக்க எனக்குப் பயமாயிருக்கிறது என்று சொன்னது மட்டும் ஞாபகம்.

பொழுது சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருக்கையில் றவூப் காக்கா கடற்கரை ரோட்டால் சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார். போனைச் சாஜில் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போயிருக்கிறார். வேர்வையில் நனைந்த சாறன் மடிப்பிலிருந்து சாவியை எடுத்தபடி, "செருப்பையும் உள்ளுக்க போட்டது நான்தான். ஒரு சாமானும் கிடக்கப்படா எண்டு நீங்கதானே சொன்னீங்க. நீங்க பூட்டினதப் பார்த்து அவ போயிட்டாண்டு நானும் நினைச்சன்" என்றார். புதுப் பூட்டுகளில் இரண்டு, எண்ணெய் விட்டும் மக்கர் பண்ணின. மாமாவின் பூட்டு ஒரே திருப்பில் திறந்தது.

ஷட்டர் எழும்பியதும் சனம் கை தட்டியது. மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, செருப்பைக் கையில் எடுத்தபடி வெளியே வந்தார். சீமெந்துத் தூசியோடு நின்ற என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

வீட்டுக்குப் போன பிறகுதான் தீர்ப்பு வந்தது. பழையபடி ஸபீனா வழியாக, நான் எதிரில் இருக்க.

"போன் கடைக்காரருக்கு இல்லண்டு சொல்லுகா. இவரே நம்மட கடையைப் பார்க்கட்டும். கடைக்கு இனிப் பயமில்ல. உள்ளுக்க இரிக்கிற ஆக்களுக்குத்தான் பயம். சாவி மட்டும் உன்னுட்ட இரிக்கட்டும்."

ஏழு வருடமாகிறது. கடைக்கு நான்தான் முதலாளி என்று ஊரில் சொல்கிறார்கள். சாவி இன்றைக்கும் ஸபீனாவிடம்தான். காலையில் வாங்கிக்கொண்டு போய், இரவில் கொண்டுவந்து கொடுக்கிறேன். பூட்டுவதற்கு முன் மூன்று தரம் கூப்பிடுகிறேன், நிற்கிறேன், திரையை விலக்கிப் பார்க்கிறேன். வீட்டில் நான் எதைச் சாத்தினாலும், அலுமாரியாக இருந்தாலும், பிள்ளைகள் மூன்றும் ஒரே நேரத்தில் கை தட்டும். மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னாலும் தட்டினார்கள். காரணம் கேட்ட மாப்பிள்ளை வீட்டாருக்கு முழுக் கதையையும் மாமியே சொல்லிக் கொடுத்தார்.

இப்போது மாமிக்கு மறதி. மாமா கடைக்குப் போயிருக்கிறார், சுணங்கி வருவார் என்று சொல்லிக்கொண்டிருப்பார். சில நாள் ஸபீனாவையே தெரியாது. என்னைப் பெரும்பாலும் தெரியாது. "ஆரது?" என்று கேட்பார். "நான்தான் மாமி" என்பேன். தலையாட்டுவார், அவ்வளவுதான்.

போன மாதம் ஒருநாள் பின்னேரம், வெளியில் தேர்தல் வாகனம் சத்தம் போட்டுக்கொண்டு போனது. மாமிக்கு நித்திரை குழம்பக் கூடாது என்று அவர் அறைக் கதவை மெதுவாகச் சாத்தினேன். கட்டிலிலிருந்து சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்தபடி, வலது கையால் இடது புறங்கையில் தட்டிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்துவிட்டேன். தட்டுவதை நிறுத்திவிட்டார்.

அந்தக் கதவை இப்போது நாங்கள் சாத்துவதில்லை.